இரண்டு கையிலும் டம்ளர்

ஜனவரி 9

குண்டூசிக்கு,

ஆமை எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விலாசம் தப்பாகப் போட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதே. இடது கையால் எழுதுகிறேன். வலது கை விருந்தாளி மாதிரி மடியில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வேலையும் செய்யாது.

போன செப்டம்பரில் எனக்குப் பக்கவாதம் வந்தது. கால் பரவாயில்லை. நடக்கிறேன். பேச்சுதான் இல்லை. நினைப்பதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சொல்லப் போனால் வார்த்தை கிடைப்பதில்லை. "த" என்று ஆரம்பித்தால் வீட்டுக்காரர் தண்ணீரோடு ஓடி வருகிறார். எனக்கு வேண்டியது தலையணை. தலையை ஆட்டினால் தைலம் வருகிறது. நல்ல மனிதர். அதுதான் கஷ்டம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு அம்மா வருகிறார். வாரம் ஒரு கடிதம் கையால் எழுதச் சொன்னார். "தப்பா எழுதினா முகத்துக்கு நேரா சொல்ற ஆளுக்கு எழுதுங்க" என்றார். வேறு யாருக்கு எழுத? பதினோரு வருஷமாக நாம் பேசவில்லை என்பது நினைவில் இருக்கிறது. அது மட்டும் நன்றாக இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். பேக்கரி மாடியில் நாம் செய்த புரோகிராம், அந்த நடைவண்டி, உன்னிடம் இன்னும் இருக்கிறதா? ஆபீஸில் நான் புரோகிராம் எழுதிய பெரிய கருவி இங்கே கம்ப்யூட்டரில் இருக்கிறது. திறந்தால் ஜன்னலுக்குள் ஜன்னல், பொத்தானுக்குள் பொத்தான். எது எதற்கு என்றே புரியவில்லை. அதில் எத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன்!

ஆபீஸுக்கு ராஜினாமாக் கடிதம் தயார். அவர் டைப் செய்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்திருக்கிறார். கையெழுத்து மட்டும் பாக்கி. ஏப்ரல் வரை ஆபீஸ் பொறுக்கும். அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஐந்தே ஐந்து வரி புரோகிராம் நானே எழுதிப் பார்க்க வேண்டும். யார் கையும் படாமல். முடிந்தால் நான் இன்னும் நான்தான். முடியாவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

கோபம் இருந்தால் இருக்கட்டும். வண்டியை மட்டும் அனுப்பு.

ஆமை


ஜனவரி 20

அடியே ஆமை,

பாவி! நாலு மாதமாகப் படுத்துக் கிடந்திருக்கிறாய், எனக்கு ஒரு வார்த்தை இல்லை. வார்த்தை வரவில்லை என்கிறாய், சரி. உன் வீட்டுக்காரருக்குமா வரவில்லை? கடிதத்தைப் பிரித்தபோது வகுப்பில் இருந்தேன். "அஞ்சு நிமிஷம் நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஐந்து நிமிஷம் ஐந்து நிமிஷமாக இல்லை. திரும்பி வந்தபோது பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கோபம் இருந்தால் இருக்கட்டும் என்று அனுமதி வேறு கொடுத்திருக்கிறாய். நன்றி. இருக்கிறது. நோயாளி என்பதற்காகத் தள்ளுபடி கிடையாது. மறந்து போச்சு என்று நீ தப்பிக்காமல் இருக்க நானே எழுதி வைக்கிறேன்.

அந்த ஒற்றை அறை ஞாபகம் இருக்கிறதா? கீழே பேக்கரியில் அடுப்பு மூட்டினால் நம் தரை சூடாகும். குளிர் நாளில் இரண்டு பேரும் பாயை அடுப்புக்கு நேர்மேலே இழுத்துப் போட்டுக்கொள்வோம். கம்ப்யூட்டருக்கு மேசை கிடையாது, மாவு மூட்டை அடுக்கும் பலகைதான். கீபோர்டில் மாவு இறங்கி 'க' அமுங்கவே அமுங்காது. 'க' வேண்டுமென்றால் நான்தான் ஊசியால் குத்த வேண்டும், அதனால்தான் குண்டூசி என்று பெயர் வைத்தாய். நீ ஒரு வரி எழுத ஒரு பொழுது யோசிப்பாய், அதனால் நீ ஆமை. காலையில் வெண்ணெய் வாசனை வரும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு அந்தப் பலகை முன்னால் உட்கார வேண்டும் போலிருக்கிறது. நான் எங்கே எந்த பேக்கரியைத் தாண்டினாலும் நடை மெதுவாகிவிடும்.

கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்கள் முதல் முதலாக ஒரு புரோகிராம் எழுதிப் பழகத்தான் நடைவண்டி செய்தோம். சரியாக வருகிறதா என்று பார்க்கத் தெருவில் போகிறவர்களை எல்லாம் ஒரு பன் கொடுத்துக் கூட்டி வந்து உட்கார வைப்போம். அவர்கள் தட்டுத் தடுமாறினால் என்னால் சும்மா இருக்க முடியாது. "அங்க, அங்க, மேல பாருங்க" என்று கை நீண்டுவிடும். நாம் உதவி செய்தால் அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று நமக்கே தெரியாமல் போய்விடும் என்று நீ சட்டம் போட்டாய். பின்னால் உட்காருகிறவள் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வைத்தாலோ சிந்தினாலோ அன்றைக்குப் பாத்திரம் அவள் கழுவ வேண்டும். அந்த அறையில் இருந்தவரை பாத்திரம் கழுவியது யார் என்று உனக்கே தெரியும்.

கடைசி நாளும் தெரியும். நடைவண்டியைப் பார்க்க வந்த ஒரு பயிற்சி மையத்து முதலாளி, அவர் கூட்டி வந்த நாலு பெரிய மனிதர்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நம் பேக்கரி அக்கா உட்கார்ந்தார்கள். தன் கடைக்கே ஒரு புரோகிராம் எழுதப் போகிறோம் என்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். நீ எழுதிய வாசகம் திரையில் வந்தது: "பிழை 14. வரி 8. குறி எதிர்பார்க்கப்பட்டது." அக்கா அதையே பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதெல்லாம் எனக்கு மண்டையில ஏறாதும்மா, விட்டுடுங்க" என்றார்கள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்ச் சரி செய்து கொடுத்தேன். நீ எல்லார் முன்னாலும் கத்தினாய்: "நீ அவங்களுக்கு உதவி பண்ணல, அவங்களை ஏமாத்தற!" அக்கா எழுந்து போனவர்கள்தான், அதற்கப்புறம் நம் படி ஏறவே இல்லை. அந்த மாதமே நீயும் பெரிய கம்பெனி, பெரிய ஊர் என்று போய்விட்டாய்.

நீ போனதும் முதல் வேலையாக உன் வாசகங்களை எல்லாம் தூக்கிவிட்டு நானே அன்பாக எழுதிப் போட்டேன். என் வகுப்பில் இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. யாரும் அழுததில்லை. பென்டிரைவில் போட்டு அனுப்பியிருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. அவரைத் திட்டாதே.

குண்டூசி


பிப்ரவரி 2

குண்டூசிக்கு,

வந்தது. நீ சுற்றி வைத்திருந்த பஞ்சைப் பிரிக்கவே ஒரு காலைப்பொழுது ஆனது. திறந்தேன். அதே மஞ்சள். மூலையில் நீ வரைந்த கோணல் சக்கரம். அழுதேன். இப்போதெல்லாம் சும்மாவே அழுகை வரும், நோயின் குணம் என்று டாக்டர் சொல்கிறார். இது நோய் இல்லை.

பேக்கரி அக்கா எழுத நினைத்த அதே புரோகிராமை எடுத்துக்கொண்டேன். பெயர் கேட்க வேண்டும். எத்தனை பன் என்று கேட்க வேண்டும். ஒரு டஜன் வாங்கினால் ஒன்று சும்மா என்று சொல்ல வேண்டும். ஐந்து வரி. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்து, ஓட்டினேன். உன் வாசகம் வந்தது.

"கவலை வேண்டாம்! எங்கேயோ ஒரு சின்னச் சறுக்கல். நிதானமாகப் பாருங்கள், உங்களால் முடியும்!"

நிதானமாகப் பார்த்தேன். மறுபடி ஓட்டினேன். மறுபடி கவலை வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வந்து ஓட்டினேன். கவலை வேண்டாம். மாலைக்குள் கம்ப்யூட்டரை ஜன்னல் வழியாகப் போடலாம் என்ற அளவுக்குக் கவலை இல்லாமல் போய்விட்டது.

என்னைப் பார்க்க வருகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கவலைப்படாதே, முடியும். ஆப்பிளை வைத்துவிட்டுப் போகிறார்கள். எது முடியும், எதில் ஆரம்பிக்க என்று யாரும் சொல்வதில்லை. பேச்சுப் பயிற்சி அம்மா ஒருவர்தான் சொல்கிறார்: "நாக்கு கீழே கிடக்கு. தூக்கிப் பல்லுக்குப் பின்னால வைங்க." அவர் சிரிப்பதே இல்லை. அவரைத்தான் எனக்குப் பிடிக்கிறது.

எனக்கு ஆறுதல் வேண்டாம். இடம் சொல்லு.

உன் வகுப்பில் யாரும் அழவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ பக்கத்தில் நிற்கிறாய், அதனால் அழவில்லை. இங்கே நீ இல்லை. என் பழைய வாசகங்களை அனுப்பு.

ஆமை


பிப்ரவரி 12

அடியே,

பேச்சு வரவில்லையாம் பேச்சு! நாக்கு கீழே கிடந்தாலும் கொடுக்கு மேலேதான் இருக்கிறது.

பதினோரு வருஷமாக நான் உட்கார்ந்து உட்கார்ந்து எழுதிய வாசகங்கள். ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிப் பார்த்து, கடுப்பாக இருந்தால் மாற்றி எழுதியது. அதைப் படித்துவிட்டு ஜன்னல் வழியாகப் போடுவாளாம். படுத்திருப்பவளிடம் சண்டை போடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்டதை அனுப்பிவிட்டேன். உன் சொந்தச் சரக்கு, ஒரு எழுத்து மாற்றவில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஓட்டிப் பார், பிறகு எழுது.

நான் பக்கத்தில் நிற்பதால்தான் அழவில்லை என்றாயே, அதைப் படித்த பிறகு வகுப்பில் ஒரு காரியம் செய்தேன். ஒரு நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருந்தேன். "மேடம், மேடம்" என்று நாலு பக்கமும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. போகாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. இதை உன்னிடம் ஒப்புக்கொள்ள எனக்கு வயிறு எரிகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

குண்டூசி


பிப்ரவரி 24

குண்டூசிக்கு,

சுட்டது.

"பிழை 14. வரி 9. குறி எதிர்பார்க்கப்பட்டது." நான் எழுதியதே ஐந்து வரி. ஒன்பதாம் வரிக்கு நான் எங்கே போக? கீழே போய்ப் பார்த்தால் கை பட்டு விழுந்த வெற்று வரிகள். அதில் என்ன குறியை எதிர்பார்க்கிறது? யார் எதிர்பார்க்கிறார்கள்? என்னவோ வட்டிக்குக் கொடுத்தவன் மாதிரி எதிர்பார்க்கிறது. வெற்று வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது அக்காவின் முதுகு நினைவுக்கு வந்தது. அன்றைக்கு எனக்கு அவர்கள் முதுகுதான் தெரிந்தது. நல்ல புடவை, முதுகில் மாவு.

தப்பு இரண்டாம் வரியில் இருந்தது. திரையில் காட்ட வேண்டிய சொற்களை இரட்டைக் குறிக்குள் வைக்க வேண்டும் அல்லவா, அக்கா அதற்குக் கொக்கி என்று பேர் வைத்திருந்தார்கள். நான் திறந்த கொக்கியை மூடவில்லை. மூடாததால் இயந்திரம் கீழே இருப்பதை எல்லாம் அதற்குள்ளேயே சேர்த்து விழுங்கிக்கொண்டு போய், கடைசியில் இனி விழுங்க ஒன்றுமில்லை என்றதும் நின்று கத்தியிருக்கிறது. தான் விழுந்த இடத்தைச் சொல்கிறது. நான் தடுக்கிய இடத்தைச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் இதே தொழிலில் இருந்தேன், எனக்கு இது உறைத்ததே இல்லை. தெரிந்தவளுக்கு வரி 9 என்றால் மேலே தேடத் தெரியும். தெரியாதவள் வரி 9 என்றால் வரி 9தான் பார்ப்பாள்.

நான் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் கைகழுவப் போன நேரத்தில் அவர் வந்து பார்த்து மூடிவிட்டார். திரும்பி வந்து ஓட்டினேன், ஓடியது. ஒரு நிமிஷம் நானே செய்துவிட்டேன் என்று குதித்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். "தொடாதீங்க!" என்றேன். முழுசாக. ஒரே மூச்சில். செப்டம்பருக்குப் பிறகு நான் சொன்ன முதல் முழு வார்த்தை. அவருக்கு வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. பயிற்சி அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

எழுதியதை எல்லாம் அழித்துவிட்டேன்.

இப்போது இப்படிச் செய். கொக்கி திறந்ததும் எழுத்து நீலமாகட்டும். மூடியதும் கருப்பாகட்டும். மூட மறந்தால் கீழே முழுக்க நீலமாகவே இருக்கும். எங்கே ஆரம்பித்தது என்று கண்ணுக்கே தெரியும். வாசகமும் மாற வேண்டும்: "இரண்டாம் வரியில் திறந்த கொக்கி இன்னும் மூடவில்லை." அவ்வளவுதான். 'கவலை வேண்டாம்' வேண்டாம், 'எதிர்பார்க்கப்பட்டது' என்பதும் வேண்டாம்.

உள்ளே எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிகிறது, பேர் வரவில்லை. பின்பக்கம் படமாக வரைந்திருக்கிறேன். பெட்டிக்குள் பெட்டி. மூன்றாவது பெட்டி.

ஆமை


மார்ச் 8

என் ஆமைக்கு,

செய்துவிட்டேன். நீ வரைந்த படத்தைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமையைக் காவு கொடுத்துச் செய்தேன். உன் மூன்றாவது பெட்டிக்குள் நுழைவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இவ்வளவு பெரிய பாழுங்கிணற்றில் ஒரு விளக்கம் இல்லை, ஒரு குறிப்பு இல்லை. ஒரே ஒரு இடத்தில் எழுதியிருக்கிறாய்: "குண்டூசி, இதைத் தொடாதே." தொட்டேன்.

வகுப்பில் போட்டுப் பார்த்தேன். ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டர் வருகிறார், பேரப்பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம், அதற்காகவே படிக்கிறார். கொக்கியை மூட மறந்தார். திரை நீலமாகப் போனது. எனக்குக் கை துறுதுறுவென்றது, நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "மேடம், இந்த இடத்துலேர்ந்துதான் நீலம் ஒழுகுது" என்றார். அவரே போய் அடைத்தார். அப்புறம் வகுப்பையே ஒரு சுற்று பார்த்தார், இறங்க வேண்டிய யாரையோ தேடுகிற மாதிரி. ஆமை, நாம் அந்த அறையில் மூன்று வருஷம் தலையால் தண்ணீர் குடித்தோமே, அது இதற்குத்தான்.

நீ எழுதிய ஒன்று என்னை விடவில்லை. விழுந்த இடம் வேறு, தடுக்கிய இடம் வேறு என்றாயே. நமக்கும் அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். நாம் விழுந்தது அன்றைக்கு, டம்ளரில். தடுக்கியது அதற்கு முன்னால். அறையைக் கூட்டும்போது பலகைக்கு அடியில் உன் புதுப் பெட்டி ஒன்று இருந்தது. பெரியது, சக்கரம் வைத்தது, மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தாய். அப்போதே தெரிந்துகொண்டேன், நீ போகப் போகிறாய் என்று. இன்றைக்குச் சொல்வாள், நாளைக்குச் சொல்வாள் என்று பார்த்தேன். நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் நீ பேசியதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டிக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்டது. அக்காவுக்காக டம்ளரை வைத்தேன் என்று இத்தனை வருஷம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்காவுக்காகவும்தான். உன் சட்டத்தை உன் முன்னாலேயே உடைக்க வேண்டும் என்றும் இருந்தது.

நீலமாகப் போன பதினோரு வருஷம். ஒழுகின இடம் அதுதான். சொல்லிவிட்டேன்.

புது வண்டியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

குண்டூசி


மார்ச் 17

குண்டூசிக்கு,

பெட்டியை நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். சாக்கு வேறு பக்கம் மடிந்திருந்தது. நீ கேட்பாய் என்று நானும் பார்த்தேன். நீ கேட்டால் போகாமல் இருந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. கேட்காமல் விட்டாளே என்று கோபமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே மனதில். அந்த வயசில் அதற்கு இடம் இருந்தது.

அந்தப் பெட்டி இப்போதும் இருக்கிறது. ஒரு சக்கரம் போய்விட்டது. அதில்தான் என் மருந்துகள்.

வண்டி நன்றாக இருக்கிறது. நீலம் கண்ணை உறுத்தாமல் இருக்கிறது, நல்ல நீலமாக எடுத்திருக்கிறாய். ஆனால் எழுதவில்லை. எழுத விட மாட்டேன் என்கிறார் வீட்டுக்காரர். நான் உட்கார்ந்தால் அவர் பின்னால் வந்து நிற்கிறார். மூச்சு விடுவது கேட்கிறது. நான் ஒரு எழுத்தைத் தேடினால் அவர் விரல் தோளுக்கு மேலே வருகிறது. வெளியே போங்கள் என்றால் போகிறார், போய்க் கதவுக்குப் பின்னால் நிற்கிறார். நம் சட்டத்தை எழுதிக் காட்டி, கையில் டம்ளரைக் கொடுத்துப் பார்த்தேன். பாவம், நான் இரண்டாவது வார்த்தைக்கு வருவதற்குள் டம்ளரை டிவி மேல் வைத்துவிட்டார். "உன்னைப் பார்த்துக்கிட்டு சும்மா இருக்க என்னால முடியலம்மா" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் நான் கண் திறக்கும் வரை சும்மா உட்கார்ந்திருந்தவர். அவர் பங்கு சும்மா இருத்தல் அங்கேயே தீர்ந்துவிட்டது.

தனியாகச் செய்யவும் பயமாக இருக்கிறது. முடியாமல் போனால் அதை ஒருவர் பார்த்திருக்க வேண்டும். நான் முயற்சி செய்தேன் என்று தெரிந்த ஒருவர்.

ஏப்ரலுக்குள் வா. கம்ப்யூட்டர் முன்னால் நான் உட்காருகிறேன். நீ பின்னால். டம்ளர் இங்கே இருக்கிறது.

ஆமை


மார்ச் 25

அடியே,

யாரைக் கூப்பிடுகிறாய் என்று யோசித்துத்தான் கூப்பிட்டாயா? அந்த அறையில் ஒரு நாள் கூட டம்ளரைக் கடைசி வரை பிடிக்காதவளை! அழுகிற அக்காவைப் பார்த்தே வைத்துவிட்டேன். நீ ஒரு எழுத்துக்குத் தடவுவதைப் பார்த்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. நான் வைத்துவிட்டால் நீ எழுதியதற்கும் மதிப்பு இல்லை, ஃபிரிட்ஜில் இருக்கும் கடிதத்தில் நீ கையெழுத்துப் போட்டுவிடுவாய். அந்தப் பழியும் எனக்கா?

இரண்டு நாளாக வீட்டில் பழகிப் பார்க்கிறேன். டம்ளரைப் பிடித்துக்கொண்டு டிவி செய்தி பார்த்தேன். முதல் நாள் விளம்பரம் வருவதற்குள் மடியெல்லாம் ஈரம். அண்ணி பார்த்துவிட்டு, "உனக்கும் ஏதாவது வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை வந்து சேருவேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவை: நாம் உட்காரும்போது அவர் கடைக்குப் போய் எதையாவது வாங்கி வரட்டும், எங்கும் கிடைக்காத பொருளாக.

குண்டூசி


ஏப்ரல் 14

குண்டூசிக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. நீ மறந்துவிட்டுப் போன செருப்பைக் காவல் வைத்திருக்கிறோம்.

இந்தக் கடிதத்தைப் பயிற்சி அம்மா சொன்னதற்காக எழுதவில்லை. நீ இங்கே இருந்த நாலு நாளும் வாயால் சொல்ல வராத ஒன்று இருக்கிறது, அதற்காக எழுதுகிறேன்.

அன்றைக்குக் காலை நான் எழுதியது உனக்குத் தெரியும். முதல் வரியே எவ்வளவு நேரம் எடுத்தது என்று நீ பார்த்தாய். "பெயர்" என்று அடிக்கப் போய்ப் "பேனா" என்று அடித்தேன். அது தப்பு என்று தெரிந்தது, சரி எது என்று தெரியவில்லை. நீ அசையவில்லை. கொக்கியை மறந்தேன், எல்லாம் நீலமாகப் போனது, நான் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தமே இல்லை. எழுந்து போய்விட்டாயோ என்று நினைத்தேன். மூன்றாம் வரியில் "அப்படியானால்" என்ற சொல் வரவேயில்லை. அது ஒரு சொல், நடைவண்டிக்கு நான் வைத்த சொல், நானே வைத்த சொல்! அப்போது கம்ப்யூட்டரை மூடிவிடலாம் என்று கை போனது. இதெல்லாம் மண்டையில் ஏறாது என்று எனக்கும் வாய் வரை வந்தது.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

நீ அழுதுகொண்டிருந்தாய். சத்தமில்லாமல், முகமெல்லாம் நனைந்து, மூக்கிலிருந்து கூட ஒழுகிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. துடைக்க முடியாது, உன் இரண்டு கையிலும் டம்ளர் இருந்தது. விளிம்பு வரை தண்ணீர். ஒரு சொட்டு சிந்தவில்லை.

நான் திரும்பிக்கொண்டேன். நீ அழுததை நான் பார்த்தேன் என்று உனக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். அப்புறம் அந்தச் சொல் வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. மீதி வரிகளும் வந்தன. ஓட்டியபோது திரை என் பெயரைக் கேட்டது. ஆமை என்று அடித்தேன். "வாங்க ஆமை, எத்தனை பன் வேண்டும்?" என்று கேட்டது. நீ அப்போதும் டம்ளரை வைக்கவில்லை. நான்தான் எழுந்து வந்து வாங்கி வைத்தேன். உன் விரல்கள் மடங்கியே இருந்தன, நீட்ட வரவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அன்றைக்கு ஒரு கைதான் உருப்படி.

அந்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. பழைய வேலைக்கு நான் இப்போது ஆக மாட்டேன், அது எனக்கும் தெரியும். ஆபீஸுக்கு வேறொன்று எழுதியிருக்கிறேன். நீங்கள் புதிதாகச் செய்கிற கருவிகள் முன்னால், ஒன்றும் தெரியாதவளாக உட்கார ஒரு ஆள் வேண்டுமா, எனக்கு அதில் இப்போது நல்ல பழக்கம் என்று. பதில் வரவில்லை. வந்தால் சொல்கிறேன்.

அவர் கேட்கிறார், பாத்திரம் யார் கழுவுவது என்று. உன் சார்பில் இனி அவர்தான் என்று சொல்லிவிட்டேன்.

கைக்குப் பயிற்சி கொடுக்கிறவர், கை சரியானால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். எனக்கு ஒன்றுதான் வேண்டும் என்று எழுதிக் காட்டினேன். தினமும் காலையில் இரண்டு கையாலும் டம்ளர் பிடிக்கிறேன். நேற்று கால் டம்ளர் தண்ணீரோடு நின்றது. நிறைய நாள் ஆகும். நிரம்பியதும் எழுதுகிறேன், வா. நீ எதுவும் தெரியாத ஏதாவது ஒன்றின் முன்னால் போய் உட்கார். நான் உன் பின்னால் உட்காருகிறேன்.

ஆமை